குளம்பைத் தூக்கிப் பாருலே

ஏலே, இங்கே வா. லேப்டாப்பை மூடாதே, மூடுனா மறுபடி திறக்கத்தானே போறே. சாயங்காலத்துல இருந்து டிஸ்க்கைப் பாத்துக்கிற அந்த ஓஎஸ்டியை நாலு தடவை எழுப்பி விட்டுட்டே, அதுவும் நாலு தடவை மல்லாந்துட்டு. ஏர்ல பூட்டின மாடு படுத்தா வாலை முறுக்குற ஆளை நான் பாத்திருக்கேன். சம்பளம் வாங்கிக்கிட்டு முறுக்குற ஆளை இப்பதாம்லே பாக்கேன். குளம்பைத் தூக்கி முள்ளு இருக்கான்னு பாத்தியா?

நாலு வருஷமா உன் ராத்திரி போனைக் கேட்டுக் கேட்டு எனக்கே உன் செஃப் ஸ்டோரேஜ் பாதி மனப்பாடம். கணவாய்ச் சாதிப் பேருலா அது! நம்ம பேய்க்கணவாய்க்கு ஒரு கை போனாலும் மிச்சம் ஏழு. அதே கணக்காத்தான் பொருளை மூணு நகலா மூணு இடத்துல வைக்கு. ஒண்ணு படுத்தா 600 செகண்டு பொறுத்துப் பாத்துட்டு, மத்த ரெண்டுல இருந்து அள்ளி நிரப்பும். அந்தத் தைரியத்துலதான் மாடு படுக்கு. லாக்குல அசர்ட் வரியில -5ன்னு நிக்கே, அது என்னன்னு நினைச்சே? அதுதாம்லே இஐஓ. வாசிக்கப் போனேன், கர்னல் கையை விரிச்சுட்டுன்னு அர்த்தம். பதரை நெல்லுன்னு அளந்து போடுறதுக்குச் செத்தே போகலாம்னு உன் ஓஎஸ்டியோட பழைய ஃபைல்ஸ்டோர் விழுது. மானஸ்தன்! அவனைப் போய் ‘பக்கு’ன்னு திட்டுதே.

அந்த இஐஓ செட்டிங்கை ஆஃப் பண்ணுனா விழாதாம் தாத்தான்னு இளிக்காதே. குதிருக்குப் பின்னால எலி செத்துக் கிடக்கு, நீ மூக்குல பஞ்சை வைக்கே.

டீமெசேஜைப் பாரு. ஐஓ எரர்னு டிஸ்க் பேரும் செக்டர் நம்பரும் இருக்கா? ஸ்மார்ட்ல 197 ஏறுனா தட்டே சொத்தை. 199 ஏறுனா பெரும்பாலும் கேபிள்தான், கழட்டி மாட்டு. ஆனா டிஸ்க் மேல உக்காந்திருக்குற ஃபைல்சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் இருக்கே, கணக்குப் புரண்டா கடையைச் சாத்திரும். சாத்தின பிறகு எதைக் கேட்டாலும் அதே 5தான். டிஸ்க் குத்துக்கல்லாட்டம் இருக்கும். நீ புதுசுக்கு எழுதிப் போட்டிருப்பே. ரிப்பேருன்னா அன்மவுண்ட் பண்ணிட்டு முதல்ல எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேரை மைனஸ் என் போட்டு ஓட்டு. அது பாக்கும், கை வைக்காது.

எதைத் தொடுறதுக்கு முன்னாலயும் மத்த ரெண்டு நகலும் உசுரோட இருக்கான்னு பாரு. வாரம் ஒரு தடவை எல்லாத்தையும் வாசிச்சு ஒத்துப் பாக்குற வேலையை, வேகம் குறையுதுன்னு நோடீப்ஸ்க்ரப் போட்டு நிறுத்தி வச்ச மகராசன்லா நீ! அங்கேயும் பழைய சொத்தை கிடந்தா, நிரப்பக் கிளம்பையில அதுவும் மல்லாரும். ரெண்டு மாடும் படுத்துட்டா ஏரை நீயா இழுப்பே?

என்ன, எஸ்டிசியா? 197தானா? சரி, டேட்டா சென்டர்ல நிக்குற பயலுக்குப் போனைப் போடு. ‘மூணாவது டிஸ்க்கு’ன்னு சொல்லாதேடா, சீரியல் நம்பரை ஒவ்வொரு எழுத்தா வாசி. போன ஆடி மாசம் அப்படிச் சொல்லித்தானே அவன் நல்ல டிஸ்க்கை உருவிப்புட்டான்? உன் தூக்கமா போச்சு அன்னைக்கு, என் தூக்கம்லா போச்சு!