இன்னும் ஒரு ஐயாயிரம்

மலைப்பாதையில் ஓட்ட ஒரு சைக்கிள் வாங்கலாம் என்ற ஆசை கோயம்புத்தூரில் யாருக்கு வந்தாலும், அது எப்படியோ அண்ணன் காதுக்கு எட்டிவிடும். அண்ணன் என்றால் ஊருக்கு ஒருவர் இல்லை, பேட்டைக்கு ஒருவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். லேத் பட்டறையோ பம்ப் உதிரிபாக வியாபாரமோ சொந்தமாக இருக்கும். அதனால் எந்த உலோகத்தைக் கண்டாலும் முதலில் விரலால் சுண்டிப் பார்ப்பார்.

“பட்ஜெட் எவ்வளவு தம்பி?” என்றுதான் ஆரம்பிப்பார். கேட்பது மரியாதைக்காக. பதில் அவருக்குத் தேவைப்படாது.

“இருபதாயிரம் இருக்குதுங்ண்ணா. கல்லு மண்ணுல ஓட்டோணும்.”

“இருபதுக்கு வண்டி வரும் தம்பி. ஆனா முன்னாடி இருக்கறது சஸ்பென்ஷன் இல்ல, வெறும் ஸ்பிரிங். பின்னாடி மரையேத்துற ஃப்ரீவீல். நாலு பள்ளத்துல எறங்குனா ஆக்சில் வளைஞ்சுரும். இன்னும் ஒரு ஐயாயிரம் போட்டீன்னா...”

இருபத்தைந்தில் டிஸ்க் பிரேக் வரும். ஆனால் அது கம்பி இழுத்துப் பிடிக்கிற டிஸ்க். அதை நம்பி இறக்கத்தில் யாராவது இறங்குவார்களா? முப்பத்தைந்தில் எண்ணெய் பிரேக். எண்ணெய் பிரேக்கை மாட்டிக்கொண்டு பின்னால் ஏழே பல்சக்கரத்தோடு நிற்பது நன்றாகவா இருக்கிறது? நாற்பத்தைந்தில் ஒன்பது. அந்த விலை கொடுத்தும் இரண்டரை கிலோ ஸ்பிரிங் ஃபோர்க்கைச் சுமப்பானேன்? காற்று அடைத்த ஃபோர்க் எழுபதில் கிடைக்கிறதே. அதற்கப்புறம் த்ரூ ஆக்சில், அதற்கும் அப்புறம் பொத்தானை அமுக்கினால் சீட் தாழ்கிற டிராப்பர் போஸ்ட். டீ ஆறுவதற்குள் பையன் தொண்ணூறாயிரத்தில் நிற்கிறான்.

இத்தனையிலும் அண்ணன் ஒரு பொய் சொல்வதில்லை. அதுதான் சிக்கல். ஸ்பிரிங் ஃபோர்க் கனம்தான். மரை ஃப்ரீவீல் போட்ட மலிவான ஹப்பில் ஆக்சில் வளையத்தான் செய்யும். ஷிமானோவில் டூர்னியைவிட அல்டஸ் மேல், அல்டஸைவிட அசேரா மேல், அதற்கும் மேலே அலிவியோ, டியோர் என்று ஏணி போய்க்கொண்டே இருக்கிறது. அந்த ஏணியில் எந்தப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கலாம் என்பதை மட்டும் அவர் யாருக்கும் சொன்னதில்லை.

என்னைக் கேட்டால், இருபதாயிரத்துக்குள் பார்க்க வேண்டியவை மிகக் குறைவு. ஃப்ரேம் உயரத்துக்குப் பொருந்த வேண்டும். பிரேக் பிடிக்க வேண்டும். டயர் அகலமாக, கட்டை கட்டையாகப் பல்லோடு இருக்க வேண்டும். அந்த விலையில் பின்பக்கமும் ஸ்பிரிங் வைத்த வண்டி பளபளவென்று நின்றால் அதைத் தொடாமல் தாண்டிப் போய்விடலாம். நாம் மிதிக்கிற மிதியில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங்கே தின்றுவிடும். ஹெல்மெட்டுக்கும் பம்புக்கும் மாற்று ட்யூபுக்கும் கொஞ்சம் பணம் மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டும். அண்ணன் இதையெல்லாம் மறுக்க மாட்டார். “அதெல்லாம் சரிங்க, அடிப்படை,” என்பார். அடிப்படையில் அவருக்குச் சுவாரசியம் கிடையாது.

கலிபோர்னியாக் கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். மரின் பகுதி மலையில் 1976இல் சில இளைஞர்கள் பந்தயம் வைத்தார்கள். மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் சுமார் 400 மீட்டர் இறக்கம். ஓட்டியது 1930களிலும் 40களிலும் வந்த பழைய ஷ்வின் வகைச் சைக்கிள்கள். பெரும்பாலும் சல்லிசாகத் தேடிப் பிடித்தவை. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கிற பிரேக்; கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பில் இருக்கிற கிரீஸ் புகைந்து காலியாகிவிடும், மறுபடி அடைக்க வேண்டும். இன்றைய மவுண்டன் பைக்கின் பூர்வீகம் அந்தப் பழைய இரும்பு. இதைச் சொல்லும்போது அண்ணன் குரல் தழுதழுக்கும். சொல்லி முடித்த மூச்சிலேயே, “அதனால கார்பன் ஹேண்டில்பார் போட்டுரு,” என்பார்.

அவருடைய சொந்த வண்டியின் ஃபோர்க் 120 மில்லிமீட்டர் அமுங்கும். அது இதுவரை கண்ட மலைகள் எல்லாம் தொண்டாமுத்தூர் சாலையின் வேகத்தடைகள். அவரைக் குறை சொல்லவும் முடியாது. நல்ல பாதை எல்லாம் காப்புக்காட்டுக்குள் இருக்கிறது. “அனுமதி இல்லாம உள்ள போனா 1882ஆம் வருசச் சட்டத்துல கேஸுங்க. யானை வேற,” என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சவாரியை இட்லிக்கடையில் முடித்துக்கொள்வார். சில நாள் கொல்லிமலைக்குக் காரில் வண்டியை ஏற்றிப் போவார். அங்கே கொண்டை ஊசி வளைவுகள் 70, எல்லாம் நல்ல தார்.

ஆனால் ஊருக்கு அவரால் ஒரு பெரிய உபகாரம் உண்டு. அவர் பேச்சில் எழுபது, எண்பது என்று ஏறியவர்களில் பலர் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டுவதில்லை. சைக்கிள் பால்கனிக்குப் போகும், அதன் மேல் ஈரத்துண்டு காயும், கடைசியில் பாதி விலைக்கும் கீழே விற்பனைக்கு வரும். இருபத்து சொச்சம் வைத்திருக்கிறவன் காத்திருக்க வேண்டியது அதற்காகத்தான்.

பையனும் காத்திருந்தான். வடவள்ளியில் ஒரு வண்டி வந்தது. பார்த்துச் சொல்ல அண்ணனையே கூட்டிப் போனான். வேறு யாரைக் கூட்டிப் போவது? பார்த்ததுமே, “இது நான் சொல்லி எடுத்ததாச்சே,” என்று மலர்ந்தார். பிறகு வேலையில் இறங்கிவிட்டார். தரையில் படுத்து வெல்டிங்கில் விரிசல் தேடினார். ஃபோர்க் குழாயில் கீறலோ எண்ணெய்க் கசிவோ உண்டா என்று நகத்தால் தடவினார். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டி, கழுத்து பேரிங் லொடலொடக்கிறதா என்று காதை வைத்துக் கேட்டார். செயின் தேய்மானத்தை அளந்தார், பில் கேட்டார். முப்பது என்றவரை இருபத்து மூன்றுக்கு இறக்கினார். இப்படி ஒரு ஆள் காசு வாங்காமல் வருவது பையனின் பாக்கியம்.

பையன் செல்போனில் பணம் அனுப்பிக்கொண்டிருந்தபோது அண்ணன் விற்றவரின் தோளில் கை போட்டு ஓரமாக நகர்த்தினார்.

“நீங்க வித்தது நல்லதுங்க. உங்க ஒயரத்துக்கு இந்தச் சக்கரம் பத்தாது. அன்னைக்கு இருபத்தேழரை நல்லாருந்துச்சு, சொன்னேன். இன்னைக்கு உங்களுக்கு 29 இஞ்ச்தான். ஒண்ணு பாத்து வெச்சிருக்கறேன்...”

உள்ளேயிருந்து மூன்று டம்ளர் காபியோடு வந்த வீட்டு அம்மணி இரண்டை மேசையில் வைத்துவிட்டு, ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.