எதிரணி எது?

கேள்வி: பல தேசத்துப் பிள்ளைகள் கூடிப் படிக்கும் சர்வதேசப் பள்ளியில், விளையாட்டுக் குழுக்களால் சமூக உணர்ச்சி உண்டாகுமா?

பதில்: நிச்சயம் உண்டாகும்; ஆனால் எதிரணி எது என்பதைப் பொறுத்த விஷயம் அது. கூர்ட் ஹான் என்னும் கல்வியாளரின் லட்சியத்தால் 1962-இல் வேல்ஸ் கடற்கரையில் உதித்த அட்லாண்டிக் கல்லூரி, பிரிஸ்டல் கால்வாயின் கொந்தளிப்பையே எதிரணியாக நிறுத்தி, வெவ்வேறு பாஷை பேசும் மாணவர்களை ஒரே படகில் ஏற்றி, கடலில் தத்தளிப்போரை மீட்கப் பழக்கிற்று. பக்கங்களில் காற்றடைத்த குழாய் பொருத்திய விரைவுப் படகு அங்கே, மாணவர் உழைப்பும் சேர்ந்தே உருவாயிற்று. அதன் உரிமையைக் கல்லூரியின் முதல் தலைவரான அட்மிரல் ஹோர், பிரிட்டிஷ் உயிர்காப்புப் படகுச் சங்கத்துக்கு ஒரே ஒரு பவுனுக்குக் கொடுத்தார். எந்த வெற்றிக் கோப்பையைக் காட்டிலும் அந்த விற்பனையே எனக்கு மகத்தானதாகத் தோன்றுகிறது.