நார்ப்பெட்டிக்குள்ள ஒரு மகராசன்

ஏலே பேராண்டி, இங்கன வா. திண்ணையில செத்த உக்காரு. பிள்ளை பொறந்து ஆறு நாளாவுது. பெத்தவ நிம்மதியாக் கெடக்கா. நீ என்னத்துக்குலே கால்ல வென்னியக் கொட்டுனவன் மாதிரி வாசலுக்கும் அடுக்களைக்கும் ஓடுத?

நாளைக்குப் போட்டோக்காரர் வாராரா? அதுக்குத்தானா? நான் கலெக்டர் வாரார்னுல்லா நெனச்சேன்.

அவரு அனுப்பின லிஸ்ட்டைக் கொஞ்சம் வாசி, கேப்போம். "ரூமை நல்லாச் சூடா வைக்கவும், ஹீட்டர் இருந்தால் போடவும்." சரியாத்தான் வாசிச்சியா? ஏலே, இது சித்திரை மாசம். கோவில்பட்டி. மொட்டைமாடியில வத்தல் போட்டா ஒரே நாள்ல கலகலன்னு காயுது. இதுல ஹீட்டரா? அந்த லிஸ்ட்டு பனி கொட்டுத தேசத்துல எவனோ எழுதினது. அங்கன துணிய அவுத்தா பிள்ளை வெடவெடன்னு நடுங்கும். இருபத்தாறு, இருபத்தேழு டிகிரி சூடு இருந்தாத்தான் கண்ணசரும். அது அவனுக்குப் பாடு. நமக்கு அந்தச் சூடு நடுராத்திரியிலயே சும்மா கெடைக்கி. நீ ஹீட்டரைப் போட்டா பிள்ளைக்கு வேர்க்குருதான் மிச்சம். ஃபேனை நேரா மேல அடிக்காம ஓரமா ஓடவிடு, போதும்.

வெளிச்சத்துக்குக் குடை வச்ச லைட்டு ரெண்டு வாடகைக்காம். கெழக்குச் சன்னலை என்னத்துக்குக் கட்டி வச்சிருக்கோம்? காலையில எட்டு மணிக்கு என் வெள்ளை வேட்டிய அதுல தொங்கவிடு. வெயில் வடிகட்டின பால் மாதிரி உள்ள எறங்கும். வாடகையும் கெடையாது, வயரும் கெடையாது.

ரெண்டு வாரத்துக்குள்ள எடுத்திரணும்னு சொல்லுதாருல்லா, அதுல நியாயம் இருக்கு. நான் மறுக்கல. இப்பம் பிள்ளை வயித்துக்குள்ள கெடந்த வாக்குலயே சுருண்டு கெடக்கும். நாள்ல முக்காவாசி தூங்கும். பொறவு கையைக் காலை விரிச்சிரும், சாயங்காலமானா வீல்னு கத்த ஆரம்பிக்கும். கெட்டிக்காரர்தான். ஆனா சிரிக்கித மாதிரி ஒண்ணு எடுக்கணும்னு நீ சொன்னியே, அதுக்குத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆளைப் பாத்துச் சிரிக்க ஒண்ணரை மாசமாவது ஆவும். இப்பம் சிரிக்கது பூராத் தூக்கத்துல. நரி வெரட்டுதுன்னு ஒங்க ஆச்சி சொல்லுவா. அப்பம் அட்வான்ஸை அந்த நரிக்கிட்டல்லா குடுக்கணும்?

மூலையில இது என்ன? நார்ப்பெட்டி. பக்கத்துல தகர வாளி. முயல் காது வச்ச குல்லா. பரங்கிக்காய் வேற. கொழம்பு வைக்கவா? இல்லையாம், பிள்ளையப் பெட்டிக்குள்ள வச்சுக் காயைப் பக்கத்துல வைக்கணுமாம். பிள்ளை என்ன கத்தரிக்காயாலே, சந்தைக்குக் கொண்டு போவ? சரி, வைக்கணும்னா வை. பெட்டி சரியாம அடியில கனத்தைப் போடு. நாரு குத்தாம மெத்துன்னு பழஞ்சேலைய விரி. ஒருத்தர் கை எட்டுத தூரத்துல இருக்கட்டும். வாளியைக் கொண்டுபோய்க் கெணத்தடியில வை.

ஒண்ணு தெரியுமா? அதுக்கு இப்பம் அரை முழ தூரந்தான் தெளிவாத் தெரியும். பால் குடிக்கையில ஆத்தா மொகம் இருக்க தூரம். அதுக்கங்கிட்டு எல்லாம் மசமசப்பு. நீ பின்னால தொங்கவிடுத சீலையும் பூவும் நட்சத்திரமும் எவனுக்கு? ஒன் ஆபீஸ்காரனுக்கு. ஒத்துக்கோ.

இன்னொரு படம் போன்ல காட்டினியே. பிள்ளை தவளை மாதிரி குத்தவச்சு, ரெண்டு கையிலயும் தாடையத் தாங்கிக்கிட்டு யோசிக்கி. நானும் முதல்ல வாயப் பொளந்தேன். கழுத்து நிக்க மூணு நாலு மாசம் ஆவுமே, இது எப்படி நிக்கி? போட்டோக்காரப் பையன்ட்டயே கேட்டேன். நல்ல பையன், மறைக்காமச் சொன்னான். ஒரு படத்துல ஒருத்தர் தலையைப் புடிச்சிக்கிடுவாராம். அடுத்த படத்துல மணிக்கட்டைப் புடிப்பாராம். ரெண்டையும் ஒட்டிப் புடிச்ச கையைக் கம்ப்யூட்டர்ல அழிச்சிருவாங்களாம்.

இது ஒண்ணும் புதுசு இல்லைன்னும் சொன்னான். நூத்தம்பது வருசத்துக்கு முன்ன வெள்ளைக்காரன் ஊர்ல படம் பதியக் கொஞ்ச நேரம் புடிக்குமாம். பிள்ளை அசைஞ்சா படம் கலங்கிரும். அதனால தாய் மேல கம்பளியப் போர்த்தி நாக்காலி மாதிரி உக்காத்தி வச்சு, மடியில பிள்ளைய வைப்பானாம். பழைய படத்துல உத்துப் பாத்தா துணிக்குள்ள ஒரு மனுசி இருக்கது தெரியுமாம். பாத்தியா கூத்தை? அன்னைக்கிப் பெத்தவளைத் துணியால மூடினான். இன்னைக்கி புடிச்ச கையைச் சுத்தமா அழிக்கான். நான் அந்தப் பையன்ட்ட சொல்லிட்டேன்: தம்பி, தவளை கிவளை எங்க வீட்ல வேண்டாம், புடிச்ச கை புடிச்ச மாதிரியே இருக்கட்டும்.

தோல் உரியுதுன்னு நேத்து எண்ணெயும் கையுமா நின்ன. பத்து மாசம் தண்ணிக்குள்ள கெடந்தது உரியத்தாம்லே செய்யும். தொப்புள்கொடி தானா விழும், இழுத்துராத, ஈரம் படாமப் பாத்துக்கோ. மஞ்சத் தட்டினா மட்டும் சும்மா இருக்காத. பாதிக்கு மேல பிள்ளைகளுக்கு வாரதுதான். ஆனாலும் போட்டோவுல மஞ்சளை அழிச்சிருவாங்கன்னு நீ பாட்டுக்கு இருந்தா, ஒடம்புல உள்ளதை எவன் அழிப்பான்? மஞ்ச காலு வரைக்கும் எறங்கினாலோ, பால் குடிக்காமச் சோந்து கெடந்தாலோ கேமராவைத் தூரப் போட்டுட்டு டாக்டரம்மாட்ட ஓடு. கண்ணுல மை தீட்டப்புடாதுன்னு அந்தம்மா சொல்லியிருக்கு. திருஷ்டிப் பொட்டை உள்ளங்கால்ல வை, போட்டோவுக்கும் இடைஞ்சல் இல்ல. போட்டோக்காரருக்குத் தும்மல் இருமல் இருந்தா இன்னொரு நாள் வரச் சொல்லு. வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லு, கூச்சப்படாத.

தூங்க வைக்கப் போன்ல 'ஷ்ஷ்ஷ்'னு ஒரு சத்தம் போடுவாராம், ரெண்டு மணி நேரம். நல்லதுதான், வயித்துக்குள்ள அப்படித்தானாம் இரைச்சல். ஒங்க ஆச்சிக்கு அந்தச் சத்தம் வாயிலயே வரும், சார்ஜ் போட வேண்டாம். வயிறு நெறையப் பால் குடுத்து, ஒன் பொண்டாட்டி உடுத்துன சேலையில தொட்டில் கட்டு. ஆத்தா வாசம் இருக்கும், கண்ணு சொருவிரும். அந்தப் பிள்ளைக்கு இன்னும் தையல் ஆறல. அவளுக்குக் கவுனு, கொண்டை, மூஞ்சிப் பூச்சுன்னு நாலு மணி நேரம் நிக்க வச்சியோ, ஒன்னைய அந்த நார்ப்பெட்டிக்குள்ள வச்சிருவேன்.

ஒங்கப்பன் 1974-ல பொறந்தான். அப்பம் கழுத்து நின்னு, குப்புற விழுந்த பொறவுதான் போட்டோ. படம் எடுத்தா ஆயுசு கொறையும்னு எங்கம்மா வேற அழுதா. ஸ்டுடியோவுல பிலிம் ரோலுக்குப் பன்னெண்டு படம். அதுல நமக்கு ஒண்ணு. ஒங்கப்பன் பொட்டுத்துணி இல்லாமக் குப்புறக் கெடந்து, விரிப்புல மோண்டுட்டு, தலையத் தூக்கி மொறைக்கான். அதான் நடு வாசல்ல மாட்டியிருக்கு. ஓரத்துல ஒரு வளையல் கை தெரியும், பாத்திருக்கியா? ஒங்க ஆச்சி கை. விழுந்திருவான்னு புடிச்சா. "கை விழுந்திருச்சு, இன்னொண்ணு எடுக்கட்டுமா"ன்னு ஸ்டுடியோக்காரர் கேட்டாரு. இன்னொண்ணுக்கு ஏது துட்டு?

சரி, போ, பிள்ளை முனங்குது. நாளைக்கி அவரு எத்தனை மணிக்கு வாராரு? எட்டா? அந்தச் சன்னலுக்கு வேற வேட்டி பாத்துக்கோ. சலவை வேட்டிய நான் கட்டணும்.