நாசிக்கவசத் தேர்வு: சேதுநாட்டு மூக்கு ஒன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

இவ்வாய்வின் எல்லை ஒரே ஒரு மூக்கு. அது என்னுடையது. அகலம் 4 செ.மீ., உயரம் 5 செ.மீ., இடப்பக்கம் லேசான சாய்வு. ஒன்பதாம் வகுப்பில் கபடி ஆடி வாங்கியது. ஆய்வுக்களம் தங்கச்சிமடத்தில் கடல் பக்கம் ஜன்னல் வைத்த ஒரு படுக்கையறை. ஆய்வுக்காலம் மூன்று மாதம், இரவு பத்து முதல் காலை ஐந்து வரை. நெறியாளர் என் மனைவி. இப்படி ஓர் ஆய்வு தேவை என்பதை முதலில் உணர்ந்தவரும் அவரே. என் குறட்டையை நான் ஒருநாளும் கேட்டதில்லை. குறட்டைகூடத் தனக்குப் பழகிவிட்டது என்றும், அது நின்றுபோகும் இடைவெளிதான் தன்னை எழுப்பி உட்கார வைக்கிறது என்றும் நெறியாளர் பதிவு செய்துள்ளார்.

மதுரையில் ஒரு ராத்திரி தலையிலும் மார்பிலும் வயர் ஒட்டிப் படுக்கவைத்து எண்ணினார்கள். மணிக்கு 34 தடவை மூச்சு நிற்கிறது அல்லது சுருங்குகிறது. ஒவ்வொன்றும் பத்து விநாடியாவது நீடித்தால்தான் கணக்கில் சேரும். 5க்குக் கீழே என்றால் இயல்பு, 30ஐத் தாண்டினால் கடுமை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தியவன் நான். 34 என்று பார்த்ததும், ஒரு மார்க் போட்டு 35 ஆக்கித் தேறவைக்கச் சொல்லிக் கேட்கலாமா என்றுதான் முதலில் தோன்றியது.

வைத்தியம் சிபேப். அறைக்காற்றை உறிஞ்சி, குழாய் வழியாக மூக்குக்குள் ஓர் அழுத்தத்தோடு விட்டுக்கொண்டே இருக்கும் சிறு பெட்டி. உறக்கத்தில் தளர்ந்து ஒட்டிக்கொள்ளும் தொண்டையை அந்தக் காற்று முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கும். பெட்டி எல்லா மூக்குக்கும் பொது. மாஸ்க்தான் மூக்குக்கு மூக்கு வேறு. இவ்வாய்வின் சிக்கல் அங்கே தொடங்குகிறது.

முன்னோடி ஆய்வுகளைச் சொல்லாமல் மேலே போவது மரபல்ல. இத்துறையில் நம் பகுதியின் முதல் நோயாளி கும்பகர்ணன். எழுப்பப் போனவர்களை அவன் மூச்சு உள்ளே இழுத்தும் வெளியே தள்ளியும் அலைக்கழித்ததை வால்மீகியும் கம்பரும் காட்டியிருக்கிறார்கள். அவன் நோய்க்கும் என் நோய்க்கும் பெயர் ஒன்றுதானா என்பதை மருத்துவர்கள் விவாதிக்கட்டும். நமக்கு வேண்டியது பிற்பகுதி. போர்க்களத்தில் சுக்ரீவன் அவன் மூக்கையும் காதுகளையும் போக்கிவிட, மூக்கற்ற முகத்தை யாரும் பார்க்க வேண்டாம், தலையைக் கடலில் தள்ளிவிடு என்று கம்பனில் அவன் இராமனிடமே கேட்டுக்கொள்கிறான். மானம் கருதிச் சொன்னது என்பதே இதுவரை வந்த விளக்கம். மூக்கு போனபின் மாஸ்க்கை எங்கே வைப்பது, காது போனபின் வாரை எதில் தாங்குவது என்ற சிகிச்சைக் கோணத்தை ஒருவரும் தொட்டதாகத் தெரியவில்லை. அந்தத் தலை போய்ச் சேர்ந்த கடல் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை.

அடுத்தவர் எட்கர் தர்ஸ்டன். 1885இல் சென்னை அருங்காட்சியகத்துக்குக் கண்காணிப்பாளராக வந்த இந்த ஆங்கிலேயர் இரண்டு விஷயங்களில் தீராத ஆசை உள்ளவர். ஒன்று, மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, கடலுயிர்கள். அதற்காக இராமேசுவரம் தீவுக்கு வந்து பார்த்துப் புத்தகமே எழுதினார். இன்னொன்று, மனித மூக்கு. கேலிப்பரை வைத்துத் தென்னிந்தியர் மூக்குகளை அளந்தார். அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் நாசி எண். எழுபதுக்குக் கீழே ஒடுங்கிய மூக்கு, எண்பத்தைந்துக்கு மேலே பரந்த மூக்கு, இடையில் நடுத்தரம். மூக்கு அகல அகலச் சமூகப் படியில் இறக்கம் என்று வங்காளத்தில் ரிஸ்லி கிளப்பிவிட்ட கணக்கின் காலம் அது. அந்த விஞ்ஞானம் செத்தது, நல்ல சாவு. ஆனாலும் ஆய்வாளன் என்ற முறையில் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எனக்கு 80. நடுத்தரம். மாஸ்க் கடைப் பையன் ஓட்டை போட்ட ஓர் அட்டையை என் மூக்கில் வைத்துப் பார்த்து, "மீடியம் சார்" என்றான். கேலிப்பரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த தர்ஸ்டன் இந்த அட்டையைப் பார்த்திருந்தால் கண்கலங்கியிருப்பார்.

மூன்றாமவர் கொலின் சல்லிவன். 1980இல் சிட்னியில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இந்தக் காற்று வைத்தியத்தைச் செய்து காட்டி, மறுவருடம் ‘லான்செட்’ இதழில் ஐந்து பேர் கதையாக எழுதினார். வேக்குவம் க்ளீனர் மோட்டார்தான் காற்றுக்கு. மாஸ்க்குக்கு நோயாளியின் மூக்கைப் பிளாஸ்டர் அச்செடுத்து, அதன்மேல் கண்ணாடியிழையில் கூடு செய்து, ராத்திரிதோறும் பசை போட்டு முகத்தில் ஒட்டினார்கள். காலையில் பிய்த்தெடுக்க வேண்டும். மீசைக்காரர்கள் அந்த விடியலை எப்படி எதிர்கொண்டார்கள் என்று நினைக்கவே என் மேலுதடு கூசுகிறது.

இனி களப்பணி. கடையில் நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடி முன் மாஸ்க்கை மாட்டி, நாலு வாரையும் இழுத்து, "பக்காவா இருக்கு சார்" என்றான் பையன். பக்காவாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து படுத்ததும் கன்னம் காதுப்பக்கம் சரிந்தது. மூக்கின் ஓரம் ‘புர்ர்’ என்றது. இறுக்கினேன். சத்தம் கண் பக்கம் போனது. இன்னும் இறுக்கினேன். விடியும்போது மூக்குத்தண்டில் சிவந்த பள்ளம், கண்கள் இரண்டும் ராத்திரி முழுக்கக் காற்றடித்து உலர்ந்து, கள் குடித்தவன்போல எழுந்தேன். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் சிக்னல் சிவப்பாகி ரயிலை நிறுத்திவிடும் வழக்கம் இருந்தது. என் படுக்கையறைக்கும் அப்படி ஓர் ஏற்பாடு வேண்டும் என்று நெறியாளர் முனகிவிட்டுத் தலையணையோடு கூடத்துக்குப் போனார்.

அளவுதான் பிழை என்று முடிவு கட்டி லார்ஜ் வாங்கினேன். அது இன்னும் ஒழுகியது. பிறகு, மூக்கை மூடாமல் இரண்டு துவாரத்திலும் குமிழ்போல் உட்காரும் வகை. மீசைக்குத் தொந்தரவில்லை, புத்தகம் படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம், எடையும் இல்லை. பலருக்கு அதுதான் சரிப்படும் என்று எழுதிவைப்பது ஆய்வு நேர்மை. என் கபடி மூக்கின் இடத் துவாரம் நாலாம் நாளே புண்ணாகிவிட்டது. மூன்று மாஸ்க்குகளும் சேர்ந்த விலைக்கு இரண்டு வெள்ளாடு வாங்கிக் கட்டியிருக்கலாம் என்பது நெறியாளரின் ஓரக்குறிப்பு.

திருப்பம் ஒரு தகவலாளியால் வந்தது. சின்னப்பாலத்திலிருந்து பாசி எடுக்கப் போகும் பெண்மணி. மகன் என்னிடம் படித்தவன். ஏதோ விண்ணப்பம் எழுத வந்தவர், மேஜையில் கிடந்த மாஸ்க்கைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன வாத்தியாரே, நீங்களும் பாசிக்கு வாறீகளா?"

விரலில் துணி சுற்றி, கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடியை மாட்டி, மூச்சடக்கி மூழ்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும் பிடுங்கிவரும் கை அது. முகத்தில் ஒன்றை ஒழுகாமல் பொருத்துவது பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. கதையைச் சொன்னேன். மாஸ்க்கை எடுத்து, வாரைப் பின்னால் தள்ளிவிட்டு, சிலிக்கான் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இம்புட்டு இறுக்குனா ஒழுகாம என்ன செய்யும்? கண்ணாடி வாங்குறப்ப நாங்க வாரையே பாக்க மாட்டோம். வார் இல்லாம மூஞ்சில வச்சு, மூக்கால லேசா இழுப்போம். ஒட்டிக்கிட்டு நின்னா அது நம்ம கண்ணாடி. வார் விழாமப் பிடிச்சுக்கிறதுக்கு. ஒட்டுறதுக்கு இல்ல."

மூன்று மாதத் தேடலின் விடை இந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தில் இருந்தது. ஆனால் ஆய்வாளன் தகவலாளியை அப்படியே நகலெடுக்கக் கூடாது. ஒரு திருத்தம் வேண்டும். அவர் கண்ணாடியை வெளியிலிருந்து கடல் அழுத்தி முகத்தோடு ஒட்டவைக்கிறது. என் மாஸ்க்கை உள்ளிருந்து காற்று தள்ளிவிடப் பார்க்கிறது. அதுவும் எவ்வளவு? எனக்கு எழுதிக்கொடுத்த அழுத்தம் 10 செ.மீ. தண்ணீர். சங்கு குளிப்பவர் ஐந்து பாகம் இறங்கினால் தலைக்குமேல் 900 செ.மீ. சொச்சம் கடல் நிற்கும். என் தொண்டையைத் திறந்து வைக்க ஒரு ஜாண் தண்ணீரின் பாரம்கூட வேண்டாம். இந்தச் சொற்பக் காற்றைக் கட்டிப்போடத்தான் வண்டிமாட்டைப் பூட்டுவதுபோல வாரை இழுத்திருக்கிறேன்.

அன்றிரவு சோதனையை மாற்றினேன். மெஷினை ஓடவிட்டு, எப்போதும் படுப்பதுபோல் வலப்பக்கம் ஒருக்களித்து, முதலில் வாங்கிய மீடியத்தை வார் மாட்டாமல் இரண்டு விரலால் மூக்கின்மேல் வைத்தேன். ஒழுகியது. ஒரு விரற்கடை விலக்கி மறுபடி மெல்ல உட்காரவைத்தேன். வெளிவிளிம்பின் மெல்லிய சவ்வு காற்று பிடித்துப் புடைத்து, கன்னத்தின் மேடுபள்ளத்தில் தானாகப் படிந்தது. வள்ளத்தில் பாய் விரிவது இப்படித்தான். இறுக்கிக் கட்டிய பாய் காற்றுப் பிடிக்காது என்று இந்தக் கரையில் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். தமிழில் படுக்கிற பாய்க்கும் படகின் பாய்க்கும் ஒரே பெயர் ஏன் என்ற கேள்விக்கு, சொற்பிறப்பு அறிஞர்கள் ஒப்பாவிட்டாலும், எனக்கு அன்றைக்கு விடை கிடைத்தது. பிறகு ஒரு விரல் நுழைகிற தளர்வில் வாரை மாட்டினேன். புர்ர் இல்லை.

எஞ்சிய கண்டுபிடிப்புகள் சில்லறை. மீசையைக் கீழ்வரிசையில் ஒரு நூல் கத்தரிக்க வேண்டியிருந்தது. சேதுபதி சீமையில் இது சிறிய தியாகமல்ல. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்து முகம் கழுவாமல் படுத்தால் சிலிக்கான் வழுக்கும். நெற்றியில் திண்டு வைத்த வகையானால் விபூதியும் ஆகாது. மாஸ்க்கின் முன்னால் பொடிப்பொடியாக ஓட்டைகள் இருக்கும். ஒழுகுகிறதே என்று அதை மட்டும் அடைத்துவிடக் கூடாது, நாம் விட்ட மூச்சு வெளியேறும் வழி அது. ஈரக்காற்றுக்கான தொட்டியில் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். தண்ணியில்லாக் காடு என்று பேரெடுத்த ஜில்லாவில், குடிநீருக்கு லாரியை எதிர்பார்த்து நிற்கும் தெருவில், மூக்குக்குத் தனியாக பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொண்டு வருகிறவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

வாய் விஷயமும் உண்டு. மூக்கு மாஸ்க்குக்காரன் வாயை மூடியிருக்க வேண்டும். திறந்தால் மூக்கில் போன காற்று அத்தனையும் வாய்வழியே கொட்டும், பேச்சு எழும்பாது. இருபத்தெட்டு வருஷமாகத் தான் சொல்லி மூடாத வாய் என்று நெறியாளர் இந்தப் பகுதிக்கு மட்டும் ஒப்புதல் கையெழுத்துப் போட்டார். தலையணையோடு கூடத்திலிருந்து திரும்பியும் வந்துவிட்டார்.

மெஷின் இப்போது காட்டும் எண் மணிக்கு 3. மீதமிருக்கும் ஒரே குறை, அதன் வடிகட்டி தூசியை நிறுத்துகிறது, வாசனையை நிறுத்துவதில்லை. கிழக்கே கருவாடு காயப்போடும் களம். ராத்திரி இரண்டு மணிக்குக் காற்று திரும்பினால் அந்த வாடை 10 செ.மீ. அழுத்தத்தில் நேராக மண்டைக்குள் வந்து சேர்கிறது.

"என்னங்க, காத்து மாறிருச்சா?" என்று இருட்டில் கேட்கிறார் நெறியாளர்.

பதில் சொல்ல வாயைத் திறக்க முடியாது. கிழக்குப் பக்கம் கையைக் காட்டுகிறேன்.

"கொண்டலா? அப்ப நெத்திலி," என்றபடி புரண்டு படுக்கிறார்.