கோழிக்கு வந்த குளுமை

பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் இனாமாக வந்து சேரும் காற்றைக் காற்றாலைகளில் பிடித்து மின்சாரமாக்கி, அம்மின்சாரத்தால் நாற்புறமும் அடைத்த கொட்டகையில் ராட்சத விசிறிகளைச் சுழற்றி, அதை மறுபடியும் காற்றாகவே ஆக்கிக்கொள்ளும் விசித்திரத்தைப் பல்லடம் வட்டாரத்தின் புதுமோஸ்தர் கறிக்கோழிப் பண்ணைகளில் தரிசிக்கலாம். முதல் வாரத்துக் குஞ்சுக்குச் சுமார் 32 டிகிரி உஷ்ணம், பிறகு வாரந்தோறும் சற்றுக் குறைவு, ஒரு முனையில் நீர் கசியும் அட்டைத் திரை, மறுமுனையில் அம்மோனியா நெடியை வெளியே இழுத்துத் தள்ளும் விசிறிகள் என்று இவ்வளவு உபசாரத்தையும் உணர்கருவிகளின் சாட்சியத்தை நம்பி ஒரு சிறு கம்ப்யூட்டர் பெட்டி பரிபாலனம் செய்கிறது. மின்சாரம் நின்று, ஜெனரேட்டரும் முரண்டு பிடித்தால் கூண்டோடு கைலாசம்தான். பக்கத்துத் தகரக் கொட்டகையில் விசைத்தறி ஓட்டுபவரோ துண்டால் விசிறிக்கொள்கிறார். நாற்பது நாளில் இரண்டு கிலோ எடை ஏறி விலைக்குப் போகும் யோக்கியதை அவருக்கு இல்லையே!