சிமெண்டு பெஞ்சு நிதியமைச்சர்

சுதந்திர இந்தியாவின் முதல் வரவுசெலவுத் திட்டத்தை 1947 நவம்பர் 26ஆம் தேதி சமர்ப்பித்தவர் கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார். அவருக்குப் பின் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, சி. சுப்பிரமணியம், ஆர். வெங்கட்ராமன் என்று தமிழர்கள் பலர் அந்த நாற்காலியை அலங்கரித்திருக்கிறார்கள். அந்த வரிசையில் தமக்கும் ஓர் இடம் இருந்தது என்றும், ஏதோ ஓர் ஆபீஸ் காகிதம் கைமாறிப் போனதால்தான் அது தியாகராய நகர் நடேசன் பூங்காவின் சிமெண்டு பெஞ்சாக வந்து முடிந்தது என்றும் மனப்பூர்வமாக நம்புகிறவர் என் நண்பர். பெயர் வேண்டாம், உங்கள் பேட்டையிலும் ஒருவர் இருப்பார், அவர் பெயரையே இட்டுக்கொள்ளுங்கள்.

ரிசர்வ் வங்கியின் நாணயக் கொள்கைக் குழுவில் ஆறு அங்கத்தினர்கள் என்பது சட்டம். ஏழாமவர் இவர் என்பது பூங்காவின் சம்பிரதாயம். 2025 பிப்ரவரியில் ஆறரை சதவீதத்தில் நின்ற ரெப்போ வட்டியைக் குறைக்க ஆரம்பித்து, டிசம்பருக்குள் ஐந்தேகாலுக்கு இறக்கினார்களே, அன்று முதல் இவர் வீட்டில் இரண்டு பொருளாதாரக் கட்சிகள் உதயமாகிவிட்டன. பென்ஷன் பணத்தில் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் போட்ட ஃபிக்ஸட் டெபாசிட் ஒருபுறம். மேடவாக்கத்தில் ஃப்ளாட் வாங்கி மாதத் தவணை கட்டுகிற மகன் மறுபுறம். “வட்டியைக் குறைப்பது கிழவர்களின் கஞ்சியில் கை வைப்பது” என்று பூங்காவில் கர்ஜிப்பவர், மகன் “அப்பா, இந்த மாசம் ஒரு பத்தாயிரம் குறையறது” என்று தலையைச் சொறியும் தேதியில் மட்டும், தொழில் செழிக்க வேண்டுமானால் வட்டி இன்னும் குறைந்தாக வேண்டும் என்ற அபிப்பிராயத்துக்கு வந்துவிடுவார். இதை முரண்பாடு என்று சொல்பவர்கள் மகனைப் பெறாதவர்கள்.

தங்கமும் அப்படித்தான். 2024 ஜூலையில் இறக்குமதித் தீர்வை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைந்தபோது, பெண்ணுக்கு வாங்க வேண்டிய பத்துப் பவுனை நினைத்துப் பகலெல்லாம் குதூகலித்தார். லாக்கரில் தூங்கும் இருபது பவுனின் ஞாபகம் வந்த பிறகு இரவில் தூக்கமில்லை. அதே வருஷம் டிசம்பரில், உப்புப் போட்ட பாப்கார்னுக்கு 5 சதவீதம், சர்க்கரைப் பாகு ஏறினால் 18 என்று ஜி.எஸ்.டி. கவுன்சில் விளக்கமளித்த விஷயத்தைப் பற்றி மூன்று நாள் பிரசங்கம் செய்தார். பல்செட் கட்டிய நாளாக அவர் பாப்கார்னைத் தொட்டதில்லை.

ஆனால் அவருடைய மேதாவிலாசம் பூரணமாகப் பிரகாசிப்பது இலவசங்களைப் பற்றிப் பேசும்போதுதான். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மாதர்களுக்குக் கட்டணம் இல்லை அல்லவா? அந்தத் திட்டத்தால் கஜானா காலியாகும், ஜனங்கள் சோம்பேறிகளாவார்கள், நாடு குட்டிச்சுவராகும் என்று அவர் அடுக்கும்போது, நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்றுவிடுவார்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனதும், கோயம்பேட்டில் காய்கறி வாங்கிவர மனைவியைத்தான் அனுப்புவார். “நான் போனால் டிக்கெட் உண்டே” என்பது அவர் வாதம். முழங்கால் வலி பொறுக்காமல் அந்த அம்மாள் ஒருநாள் முன்னால் வந்த டீலக்ஸ் பஸ்ஸில் ஏறிவிட்டாள் என்பதற்காக, வெள்ளை போர்டு வரும் வரையில் நிற்கக் கூடாதா என்று சாயங்காலம் வரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் பூங்கா வாசலில், தள்ளுவண்டிக்காரியிடம் கால் கிலோ கத்தரிக்காயை அவர் நிறுத்து வாங்கும்போது நானும் கூட இருந்தேன். காசைக் கொடுத்துவிட்டு, வழக்கம்போலக் கையை நீட்டினார்.

“கொஞ்சம் கறிவேப்பிலை போடும்மா.”

அவள் தராசைக் கீழே வைத்தாள். “இன்னா சார், ஓசில குடுத்தா நாடு கெட்டுப்பூடும்னு உள்ள குந்திக்கினு நீதான சொல்லிக்கினு இருந்தே?”

நண்பர் கொஞ்சமும் தடுமாறவில்லை. “அது இலவசம், இது கொசுறு, இரண்டுக்கும் தத்துவ ரீதியாகவே வித்தியாசம் இருக்கிறது” என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். பிரசங்கம் நீளும் என்று பயந்தாளோ என்னவோ, அவள் அவசரமாக இரண்டு இணுக்குக் கறிவேப்பிலையை எடுத்து அவர் பையில் போட்டுவிட்டாள். கொத்தமல்லி மட்டும் தரவில்லை. அன்று கட்டு முப்பது ரூபாய்.