குறுந்தெய்வத் தோற்றக் கதைகள்: ஓர் ஆய்வு முன்னோட்டத்துக்கு முன்னுரை

பெருந்தெய்வங்களைப் பற்றி எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆட்டப் புத்தகங்களில் அவற்றுக்குப் படம், சின்னம், பிடித்த ஆயுதம் எல்லாம் உண்டு. குறுந்தெய்வத்துக்குக் கிடைப்பது அட்டவணையில் ஒரு வரி. அது யார் பெற்ற பிள்ளை, எப்படித் தெய்வமானது என்பதெல்லாம் மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்த பிறகு, ஆட்டக்காரர் கேள்வி கேட்டதற்கும் ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர் வாய்திறப்பதற்கும் நடுவே பிறக்கிறது. அந்த இடைவெளியே இக்கட்டுரையின் ஆய்வெல்லை. அதற்கு அப்பாற்பட்டவை மேலாய்வுக்குரியவை. அதாவது, நான் படிக்காதவை.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டம் 1974இல் வெளிவந்தது. விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் கைகாக்ஸ் நடத்திய கிரேஹாக் என்ற கற்பனை உலகத்து ஆட்டத்தில் முதலில் சாமிக்குப் பெயரே கிடையாது. பூசாரிகள் பொத்தாம்பொதுவாகத் 'தேவர்களை' வேண்டிக்கொண்டார்கள். வேண்டுவதற்கு ஒரு பெயராவது வேண்டாமா என்று ஆட்டக்காரர்கள் முணுமுணுக்க, கைகாக்ஸ் வேடிக்கையாக இரண்டு பேரைக் கொடுத்தார். ஒருவர் செயின்ட் கத்பர்ட்: நம்பாதவரை உருட்டுக்கட்டையால் அடித்து நம்பவைப்பவர். இன்னொருவர் ஃபோல்டஸ்: இவரைத் தவிர வேறு தெய்வமே கிடையாது என்று அடியார்கள் அடம்பிடிப்பார்கள். கத்பர்ட் என்ற பெயரில் லிண்டிஸ்ஃபார்ன் ஆயராக இருந்து 687இல் இறந்த ஆங்கிலத் துறவி ஒருவர் உண்மையிலேயே உண்டு. கிரேஹாக் கத்பர்ட்டின் கைக்கு உருட்டுக்கட்டை வந்ததோ ஆட்டக்காரர் தொல்லை தாங்காமல்.

முதலில் முணுமுணுப்பு, பிறகு தெய்வம், அதற்கும் பிறகே தோற்றக் கதை என்பது இதனால் வெள்ளிடைமலை. இதற்கு 'முணுமுணுப்புக் கோட்பாடு' என்று பெயரிடுகிறேன். பெயரிட்டு வைத்தால்தான் பின்னால் வருகிறவர்கள் மறுத்துப் பட்டம் வாங்க முடியும்.

தோற்றக் கதைகளைப் பெயர்த் திருப்பம், போதை, சூதாட்டம், ஒட்டுவேலை என நான்காகப் பகுக்கலாம். ஐந்தாகவும் பகுக்கலாம்; அது நெறியாளரைப் பொறுத்தது.

பெயர்த் திருப்பத்துக்கு ஸாகிக். கைகாக்ஸ் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்தால் கிட்டத்தட்ட இவர் வந்துவிடுவார். கிரேஹாக் கோட்டையைக் கட்டிய மந்திரவாதி இவர். அதன் நிலவறையில் ஒன்பது குறுந்தெய்வங்களைச் சிறைவைத்து, அந்த வலிமையில் தாமும் தெய்வமானார். ஆட்டத்தில் தன்னைத் தெய்வமாக்கிக்கொள்ள இவ்வளவு பாடு. ஆய்வுலகில் தன் பழைய கட்டுரையைத் தானே அடிக்குறிப்பில் சுட்டினால் போதும்.

போதைக்கு பாத்ஃபைண்டர் ஆட்டத்துக் கேடன் கேலியன். குடிவெறியில் சவால் விட்டு, தெய்வமாவதற்கான தேர்வுக்குள் நுழைந்து, தெய்வமாகவே வெளியே வந்தவர். உள்ளே என்ன நடந்தது என்பது அவருக்கே நினைவில்லை. மூலச்சான்று போதையில் இருந்தமையால் இவ்வியல் இத்துடன் நிறைவுறுகிறது.

சூதாட்டம்: ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்துப் பேன், பால், மிர்குல் மூவரையும் காண்க.

ஒட்டுவேலையே இக்கட்டுரையின் உயிர்நாடி. பாதாள நீர்நிலைகளில் வாழும் மீன்முக இனத்தார் குவோ-டோவாக்கள். கைகாக்ஸ் 1978இல் எழுதிய 'ஷ்ரைன் ஆஃப் தி குவோ-டோவா' என்ற சாகச நூலிலேயே அவர்கள் தெய்வம் வந்துவிடுகிறது. பெயர் பிளிப்டூல்பூல்ப், பட்டம் கடல் தாய். உடல் பெண்ணுடையது, தலை இறால் வகையைச் சேர்ந்தது, கைக்குப் பதில் கொடுக்கு. இவளுக்கு ஏன் இந்தக் கோலம்? 2014இல் தொடங்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் ஒரு விளக்கம் கிடைக்கிறது: தலையும் கையும் உடைந்துபோன பெண் சிலை ஒன்று கிடைக்க, செத்த பிராணியின் தலையையும் கொடுக்கையும் அதில் பொருத்திக் கும்பிடத் தொடங்கியிருக்கலாம். அவர்களில் போதிய பேர் நம்பினால் தெய்வம் நிஜமாகவே வந்துவிடும் என்பது அந்தப் பதிப்பின் துணிபு.

எந்தப் பிராணி? ஈண்டுதான் பாடபேதம் தலைதூக்குகிறது. சில நூல்களில் அது சிங்கி இறால், சிலவற்றில் கிரேஃபிஷ். சிங்கி இறால் கடலில் வாழ்வது. கிரேஃபிஷ் ஆற்றிலும் ஓடையிலும் கிடப்பது. கடல் தாய்க்கு ஓடைத் தலை எங்ஙனம் வாய்த்தது? இவ்வினாவால் எம் மேசையில் வடதலையார், தென்தலையார் என இரு பிரிவுகள் தோன்றின. கடலே மூலம், கிரேஃபிஷ் தலை இடைச்செருகல் என்பர் வடதலையார். தலையே மூலம், கடல்தான் இடைச்செருகல் என்பர் தென்தலையார். இரண்டும் மூலமே, நடுவிலுள்ள உடல்தான் இடைச்செருகல் என்ற சமரசக் கொள்கை என்னுடையது (காண்க: என் வெளிவராத 'கொடுக்கும் கோட்பாடும்', அதன் வெளிவராமையைக் கண்டித்து நான் எழுதிய மறுப்புரை, அம்மறுப்புரைக்கு வேறு பெயரில் நானே வழங்கிய அணிந்துரை, குறிப்பாக அச்சாகாத பக்கங்கள்).

எழுதியவரிடமே கேட்டிருக்கலாமே எனலாம். கைகாக்ஸ் 2008இல் மறையும்வரை, கேட்ட ரசிகர்களுக்குச் சலிக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர்தான். ஆய்வுக்கு அதைப்போல் இடைஞ்சல் வேறில்லை. ஆசிரியர் மறைந்து ஆயிரம் ஆண்டாவது ஆனால்தான் அவர் உள்ளக்கிடக்கை நமக்கு ஐயமறத் துலங்கும்.

2015இல் வந்த 'அவுட் ஆஃப் தி அபிஸ்' நூலில், டெமொகோர்கன் என்ற அசுர அதிபதியின் பெயர் ஸ்லூப்லுடாப் ஊர்க் குவோ-டோவாக்கள் வாயில் லீமூகூகூன் ஆகிவிடுகிறது. தலைமைப் பூசாரி கடல் தாய் கட்சி. அவர் மகள் புதுச் சாமி கட்சி. ஊர் இரண்டுபட்டது. ஏடு பெயர்த்தவன் தவறவிட்ட ஓர் எழுத்திலிருந்து ஓர் அரசனையும் அவன் ஆட்சியாண்டையும் கறந்தெடுத்த பெருமக்களை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை.

இனிக் களஆய்வு. எம் குழுவின் பூசாரி பாழ்கோட்டைக் கதவொன்றை ஓசைப்படாமல் திறக்க முயன்றார். இருபது பக்கப் பகடையில் ஒன்று விழுந்தது. கதவு கிறீச்சிட, காவலர் விழித்துக்கொண்டார்கள்.

"இந்தக் கதவுக்கு எந்தச் சாமிங்க பொறுப்பு?"

"கீல் சாமி," என்றார் டஞ்சன் மாஸ்டர், சிப்ஸைக் கடித்தபடி.

"என்ன கோபமாம் அவருக்கு?"

"எண்ணெய் போடல."

மூல நூல் முழுவதும் இவ்வளவே. கிடைத்துள்ள ஒரே சுவடி பூசாரியின் கேரக்டர் ஷீட். ஓரத்தில் எண்ணெய்க் கறை, அது காணிக்கையா சிப்ஸா என்பது துணியப்படவில்லை. தெய்வம் என்ற கட்டத்தில் பழைய பெயரை ரப்பரால் அழித்து, பென்சிலில் 'கீல்' என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் அம்புக்குறி போட்டு 'அப்புறம் யோசி' (மேற்படி ஷீட், பின்பக்கம், பீட்சா கணக்குக்கும் நாலாவது ஆள் தர வேண்டிய பாக்கிக்கும் இடைப்பட்ட வரி, பாக்கியை அடித்திருப்பது பிற்காலக் கை). 'அப்புறம் யோசி' என்பது வழிபாட்டு மந்திரம் என்பாரும் உளர். அவருள் நானும் ஒருவன்.

அடுத்த ஆட்டத்துக்குப் பூசாரி எண்ணெய்க் குப்பியோடு வந்தார். கதவே இல்லாத குகையில் கீல் சாமியின் அருள் செல்லுமா என்று அரைமணி நேரம் வாதம் நடந்தது. செல்லும் என்று தீர்ப்பானது: முழங்காலும் ஒரு கீலே. அன்றிலிருந்து மூட்டுவலியும் அவர் ஆட்சியில் சேர்ந்தது.

கீல் சாமியின் பெற்றோர் பற்றிய இயலை இவ்விடத்தில் தொடங்க எண்ணியிருந்தேன். சாமிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று பூசாரி சற்றுமுன் கேட்டிருக்கிறார். டஞ்சன் மாஸ்டர் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.